குற்றம் ஊற்றும் கையில் இல்லை

பயோஎத்தனால் கணப்படுப்பு விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் காதில் விழுவது ஏறக்குறைய ஒரே பேச்சுதான். புகை கிடையாது, சாம்பல் கிடையாது, புகைபோக்கி கட்ட வேண்டாம். எத்தனால் எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும்தான் வரும், நாம் விடும் மூச்சில் இருப்பதும் அவைதானே என்பார்கள். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வடித்தது, அதனால் இயற்கைக்குக் கேடில்லை என்பார்கள். யாரோ தீக்காயப்பட்டதாகச் செய்தி வந்தால் அதற்கும் பதில் தயாராக இருக்கும். அடுப்பு எரியும்போதே ஊற்றியிருப்பார், விளக்கக் குறிப்பைப் படித்திருக்க மாட்டார்.

இந்தப் பேச்சு வணிகர்களோடு நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக மறுக்க வேண்டியிருக்காது. உள்ளலங்காரப் பத்திரிகைகள் இதையே எழுதுகின்றன, கட்டட வடிவமைப்பாளர்கள் இதையே சொல்கிறார்கள். பாரிஸிலும் பெர்லினிலும் டொரண்டோவிலும் புகைபோக்கி இல்லாத அடுக்குமாடி வீட்டில் நிஜத் தீயைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதை நம்பித்தான் வாங்குகிறார்கள். அந்த ஊர்களில் குடியேறிய தமிழர்களும் அவர்களில் உண்டு. இந்தியாவிலும் இவை விற்கின்றன.

இந்த நம்பிக்கைக்கு இரண்டு கால்கள். எரிபொருள் சுத்தமானது, ஆகவே எரிவதும் சுத்தமாகத்தான் இருக்கும் என்பது ஒன்று. பொருள் பத்திரமானது, விபத்து நடந்தால் அது பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. பர்னரின் வாய் எவ்வளவு அகலம், சுடருக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எரிபொருளை எந்தப் பாத்திரத்திலிருந்து எங்கே ஊற்ற வைத்திருக்கிறார்கள், அடுப்பு எவ்வளவு கனம், அறை எவ்வளவு பெரியது என்பனதான் அந்தத் தீ எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இவை அத்தனையும் வரைபடம் போடுகிற மேசையிலேயே முடிவாகிவிடுகிற விஷயங்கள்.

முதலில் மூச்சுக் கணக்கு. ஒரு லிட்டர் எத்தனாலின் எடை 789 கிராம். அது மிச்சமில்லாமல் எரிந்தால் சுமார் ஒன்றரைக் கிலோ கரியமில வாயுவும், 900 கிராமுக்குச் சற்று மேல் நீரும் உண்டாகும். ஓரளவு பெரிய வீட்டு அடுப்பு மணிக்கு அரை லிட்டர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறைக்குள் வந்து சேரும் கரியமில வாயு சுமார் 400 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஒரு மணி நேரத்தில் வெளிவிடுவது 20 லிட்டருக்குள்தான். மூச்சு போன்றதுதான் என்ற பேச்சை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், வரவேற்பறையில் இருபது பேர் கூடுதலாக உட்கார்ந்து மூச்சு விடுவதற்கு அது சமம்.

இருபது சதுர மீட்டர் பரப்பும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள அறையை எடுத்துக்கொள்ளலாம். மொத்தக் கொள்ளளவு 50 கன மீட்டர். குளிர் நாடுகளில் புதிதாகக் கட்டும் வீடுகளைக் காற்றுப் புகாமல் இறுக்கமாக அடைக்கிறார்கள். வெப்பம் வீணாகாமல் இருக்க அரசு விதிகளே அப்படித்தான் கேட்கின்றன. அத்தகைய அறையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை காற்று முழுதாக மாறுகிறது என்று கொண்டால், அரை லிட்டர் அடுப்பை ஏற்றிய கால் மணிக்குள் கரியமில வாயு பத்து லட்சத்தில் 2,000 பங்கை, அதாவது 2,000 பிபிஎம்மைத் தொட்டுவிடும். ஒரு மணி நேரத்தில் 6,000 பிபிஎம்மைத் தாண்டும். உள்ளறைக் காற்றுக்கு 1,000 பிபிஎம் என்ற எல்லையை மியூனிக்கில் சுகாதாரவியலாளர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் சொன்னது 1858-இல். ஜெர்மனியின் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை இன்றும் அந்த அளவை ஒட்டியே நிற்கிறது. 1,000 வரை கவலையில்லை, 2,000-க்கு மேல் ஏற்கத்தக்கதல்ல என்பது அதன் வரையறை.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போயிற்று என்பார்கள். திறந்தால் காற்று சீராகும், சந்தேகமில்லை. ஆனால் புகைபோக்கி இல்லாததால் வெப்பம் முழுவதும் அறைக்குள்ளேயே தங்கும் என்பதும் அதே விற்பனையாளர் சொன்னதுதான். ஜனவரி மாதத்தில் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் அந்த வெப்பம் எங்கே தங்கும்? காற்று நல்லதாக இருக்கும் என்ற வாக்கும் வெப்பம் வீணாகாது என்ற வாக்கும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் நிறைவேறுவதில்லை. ஒரு மணி நேரத்தில் சேரும் ஏறக்குறைய அரைக் கிலோ நீராவியும் எங்காவது போயாக வேண்டும். அது குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியிலும் வெளிச்சுவர் மூலைகளிலும் படிந்து பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது.

தாவரத்திலிருந்து வந்த கார்பன் தாவரத்துக்கே திரும்புகிறது என்ற வாதம் காலநிலைக் கணக்கில் ஓரளவு செல்லும். அறைக்குள் உட்கார்ந்திருப்பவரின் நுரையீரலுக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை.

இதுவரை சொன்னது எத்தனால் முழுமையாக எரிந்தால் நடப்பது. வேதியியல் பாடநூலில் ஒரு எத்தனால் மூலக்கூறும் மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகளும் சேர்ந்து இரண்டு கரியமில வாயுவும் மூன்று நீருமாக முடிந்துவிடுகின்றன. வீட்டு பர்னரில் அந்தச் சமன்பாடு முழுதாக நடந்தேறுவது அரிது. வழியில் நின்றுபோன மூலக்கூறுகள் ஃபார்மால்டிஹைடாகவும் அசிட்டால்டிஹைடாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளியே வருகின்றன. எரிபொருளில் நைட்ரஜனே இல்லாவிட்டாலும், சுடரின் மிகச் சூடான பகுதியில் காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. வடிசாலையில் எவ்வளவு சுத்தமாக வடித்தாலும் இதை மாற்ற முடியாது.

இது ஊகம் இல்லை. ஜெர்மனியின் பிரான்ஷ்வைக் நகரில் இருக்கும் ஃபிரான்ஹோஃபர் மர ஆய்வு நிறுவனத்தார் நான்கு எத்தனால் கணப்படுப்புகளையும் எட்டு வகை எரிபொருள்களையும் 48 கன மீட்டர் சோதனை அறையில் வைத்து எரித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரு சாதாரண வரவேற்பறையின் அளவு அது. முடிவுகள் 2014-இல் ஆய்விதழில் வெளியாயின. கரியமில வாயு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஃபார்மால்டிஹைடு, பென்சீன் ஆகியவை வழிகாட்டு அளவுகளைத் தாண்டிய நேர்வுகள் அவற்றில் இருந்தன. ஒரு சோதனையில் ஃபார்மால்டிஹைடு 0.45 பிபிஎம் வரை போனது. வழிகாட்டு அளவு 0.1. கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களும் ஏராளமாக வந்தன. புகை தெரியவில்லை என்பதால் காற்றில் எதுவும் இல்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு பிழை என்பதற்கு இந்த ஒரு ஆய்வே போதும்.

நல்ல எரிபொருள் வாங்கினால் சரியாகிவிடும் என்பது அடுத்த பதில். எரிபொருள் முக்கியம்தான், மறுப்பதற்கில்லை. குடிக்க முடியாதபடி எத்தனாலில் எதையாவது கலக்க வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சூத்திரப்படி 100 லிட்டர் எத்தனாலுக்கு ஒரு லிட்டர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு லிட்டர் மெத்தில் எத்தில் கீட்டோன், கசப்புக்கு ஒரு கிராம் டெனட்டோனியம் பென்சோயேட் சேர்க்கிறார்கள். இவை பெரும்பாலும் எரிந்துவிடக் கூடியவை. கடையில் வேறு காரியத்துக்கென்று விற்கும் டீநேச்சர்டு ஸ்பிரிட்டை வாங்கி ஊற்றினால் கதை வேறு, அதில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆனால் எவ்வளவு தூய எரிபொருளாக இருந்தாலும், மூச்சு முட்டுகிற பர்னரில் அது அரைகுறையாகத்தான் எரியும்.

பர்னருக்கு மூச்சு முட்டுவது எப்படி? இங்கேதான் வடிவமைப்பின் வேலை தொடங்குகிறது. திரவம் எரிவதில்லை, அதன் மேல் எழும் ஆவிதான் எரிகிறது. ஆவிக்குள் காற்று விளிம்புகளிலிருந்துதான் நுழைய முடியும். நீளமான, குறுகிய பிளவாக வாய் இருந்தால் சுடர் ஒரு மெல்லிய திரை போல நிற்கும், இரண்டு பக்கமிருந்தும் காற்று நடுவரை போய்ச் சேரும். அதே பரப்பை அகன்ற வட்டக் கிண்ணமாக்கினால் நடுப்பகுதி ஆவி காற்றைத் தேடி மேலே ஏறுகிறது. வழியில் வெப்பம் குறைந்து பாதி எரிந்த நிலையிலேயே தப்பிப் போகிறது. மேசை மேல் வைக்கும் மலிவான அடுப்புகளில் அதிகம் காணப்படுவது இந்த வட்டக் கிண்ணம்தான். செய்வது சுலபம் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை.

அடுத்தது வெப்பம் திரும்பி வரும் வழி. எத்தனால் கொதிப்பது 78 டிகிரி செல்சியஸில். மெல்லிய எஃகுத் தட்டில் ஊற்றிப் பற்றவைத்தால், சுடரின் சூடு தட்டின் ஓரங்கள் வழியாக இறங்கித் திரவத்தைச் சூடாக்குகிறது. ஆவி வேகமெடுக்கிறது, சுடர் உயர்கிறது, உயர்ந்த சுடர் தட்டை இன்னும் சூடாக்குகிறது. ஏற்றியபோது சாந்தமாக இருந்த தீ இருபது நிமிடத்தில் ஆளுயரக் கண்ணாடியை நக்குவது இப்படித்தான். பெட்டியில் எழுதியிருக்கும் எரிவேகம் எந்த நிமிடத்தில் அளந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. நல்ல பர்னர்களில் சுடர் விளிம்புக்கும் திரவத்துக்கும் இடையே வெப்பம் கடத்தாத அடுக்கு இருக்கும், இரட்டைச் சுவர் இருக்கும், வழிந்தால் பிடிக்க அடியில் இன்னொரு தட்டு இருக்கும்.

பீங்கான் பஞ்சு நிரப்பிய பர்னர்கள் இன்னொரு வகை. எரிபொருளைப் பஞ்சு உறிஞ்சிக்கொள்கிறது. அடுப்பு கவிழ்ந்தாலும் தளும்பி ஓட அதிகத் திரவம் இருக்காது, ஆகவே இது திறந்த கிண்ணத்தைவிட எவ்வளவோ மேல். அதிலும் எந்தப் பஞ்சு என்று பார்க்க வேண்டும். அலுமினோசிலிக்கேட் வகை வெப்பம் தாங்கும் பீங்கான் இழைகளைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. அந்த வகையில் சேராத இழைகளும் கிடைக்கின்றன. பழசாகி உதிர்கிற பஞ்சைக் கையால் பிய்த்து எடுத்துவிட்டுப் புதிது வைக்கும் வீட்டுக்காரரிடம் இந்த வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை.

அழகுக்காகச் சேர்ப்பவையும் எரிதலைக் கெடுக்கின்றன. சுடருக்குள் கூழாங்கல் அடுக்குவார்கள், பீங்கானில் செய்த விறகுக்கட்டை வைப்பார்கள். குளிர்ந்த பரப்பைத் தொட்ட இடத்தில் சுடர் அணைகிறது, அங்கே வேதிவினை பாதியில் நிற்கிறது, ஆல்டிஹைடுகளும் கார்பன் மோனாக்சைடும் அங்கேதான் பிறக்கின்றன. நிறத்தில் இதைவிடப் பெரிய முரண்பாடு இருக்கிறது. காற்று நன்றாகக் கலந்து எரியும் எத்தனால் சுடர் நீலமாக, மங்கலாக இருக்கும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. வாங்குகிறவர் கேட்பதோ விறகு போல மஞ்சளாக ஆடும் தழல். அந்த மஞ்சள் நிறம் சூடேறி ஒளிரும் நுண்ணிய கரித்துகள்களிலிருந்து வருகிறது. படத்தில் அழகாக விழும்படி சுடரை மஞ்சளாகவும் உயரமாகவும் காட்ட வடிவமைக்கிறவர், சுத்தமாக எரிவதிலிருந்து விலகித்தான் வடிவமைக்கிறார்.

விறகுப் புகையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலையே என்று கேட்கலாம். எரிபொருளுக்கு எரிபொருள் ஒப்பிட்டால் அது உண்மை. ஈர விறகு கக்குவதில் சிறு பங்கைக்கூட எத்தனால் கக்குவதில்லை. ஆனால் விறகு அடுப்புக்குப் புகைபோக்கி இருக்கிறது. எத்தனால் அடுப்பிலிருந்து வருவது அத்தனையும் அறைக்குள்ளேயே நிற்கிறது. வீட்டிலிருப்பவருக்குப் பொருட்டானது அடுப்பிலிருந்து எவ்வளவு கிளம்பியது என்பது அல்ல, அறையில் எவ்வளவு தங்கியது என்பதே. புகைபோக்கி வேண்டாம் என்பதை எரிபொருளின் சிறப்பாகச் சொல்கிறார்கள். அது வடிவமைப்பில் எடுத்த ஒரு முடிவு, அந்த முடிவின் விலையை அறையின் காற்று கொடுக்கிறது.

காற்று கெடுவது மெதுவாக நடக்கும். இனிச் சொல்லப்போவது ஒரு நொடியில் நடந்து முடிவது.

எத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை 13 டிகிரி செல்சியஸ். வீட்டின் சாதாரண வெப்பத்திலேயே அதன் மேல் எழும் ஆவி பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. சானிடைசர் தடவிய ஈரக் கையோடு அடுப்பருகே போகாதீர்கள் என்று 2020-இல் எல்லாரும் எச்சரித்தது இதனால்தான். இன்னும் கூர்ந்து பார்த்தால் ஒரு கொடுமையான பொருத்தம் தெரியும். காற்றில் 3.3 முதல் 19 சதவீதம் வரை எத்தனால் ஆவி கலந்திருந்தால் அது வெடித்து எரியும். 20 டிகிரி வெப்பமுள்ள அறையில், பாதி காலியான எத்தனால் புட்டியின் காலியிடத்தில் நிற்கும் ஆவியின் அளவு ஆறு சதவீதத்தை ஒட்டியது. மூடிய கேனிலுள்ள பெட்ரோலில் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் உள்ளே தீ பிடிக்கக் காற்று போதாது. அறை வெப்பத்தில் இருக்கும் எத்தனால் புட்டியில் ஆவியும் காற்றும் பற்றிக்கொள்ளத் தக்க விகிதத்தில் கலந்தே நிற்கின்றன. எத்தனாலைவிடப் பெட்ரோல்தான் எல்லா விதத்திலும் ஆபத்து என்று நினைப்பவர்களுக்கு இந்த விவரம் தெரிந்திருப்பதில்லை.

மறுபடி எரிபொருள் ஊற்றும் தருணத்தைப் பார்ப்போம். சுடர் சிறுத்து அணைந்ததுபோலத் தெரிகிறது. உண்மையில் தட்டின் மூலையில் நீலமாக ஒரு கீற்று எரிந்துகொண்டிருக்கிறது, அறை வெளிச்சத்தில் அது தெரிவதில்லை. அல்லது சுடர் அணைந்துவிட்டது, தட்டு மட்டும் கொதிக்கிறது. ஊற்றியவுடன் ஆவி பொங்கிப் பரவுகிறது, காற்றைவிடக் கனமானதால் மேசை மட்டத்திலேயே தவழ்கிறது. பற்றிய தீ, ஊற்றும் தாரையைப் பிடித்துக்கொண்டு புட்டியின் வாய்க்குள் ஏறுகிறது. உள்ளே அழுத்தம் திடீரென்று கூடுகிறது. மிச்சமிருக்கும் திரவம் எரிந்தபடியே பீரங்கியிலிருந்து போல எதிர்ப்பக்கம் பாய்கிறது. ஊற்றியவரைவிட, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சுடரை ரசித்துக்கொண்டிருந்தவர்தான் பல சமயம் அதிகம் எரிகிறார்.

2014 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரப் பள்ளி ஒன்றில் நடந்த சோதனைக்கூட விபத்து இதே இயக்கத்தைக் காட்டியது. எரிபொருள் மட்டும் வேறு, அங்கே மெத்தனால். சிறு சுடர் மேல் நான்கு லிட்டர் புட்டியிலிருந்து ஊற்றியபோது தீ உள்ளே புகுந்து சுமார் 12 அடி தூரம் பாய்ந்து, பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரின் மார்பில் அடித்தது. அந்நாட்டு வேதியியல் பாதுகாப்பு வாரியம் அதை ஆராய்ந்து எச்சரிக்கை வெளியிட்டது. ஆசிரியர் ஒருவர் பகல் வெளிச்சத்தில் வகுப்பறையில் ஊற்றியே இப்படி நடக்குமென்றால், விருந்தினரோடு பேசிக்கொண்டே இரவில் ஊற்றுகிற ஒருவரிடம் எவ்வளவு கவனத்தை எதிர்பார்க்கலாம்?

கவனக்குறைவு என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. ஒரு பொருளைச் சாதாரணமாகப் பயன்படுத்தும் போக்கிலேயே திரும்பத் திரும்ப ஒரே விபத்து நடந்தால், அது அந்தப் பொருளின் குணம். கிண்ணம் சிறியது, முக்கால் மணியில் எரிந்து தீர்ந்துவிடும். மாலை முழுவதும் சுடர் வேண்டுமென்றால் மறுபடி ஊற்றித்தான் ஆக வேண்டும். ஆறும் வரை காத்திருங்கள் என்று குறிப்பேடு சொல்கிறது. ஆறிவிட்டது என்று காட்ட அடுப்பில் எதுவுமே இல்லை. தீ அணைந்ததா என்று கண்ணாலும் தெரியாது. ஊற்றக் கொடுத்த புட்டியின் வாயில் தடுப்பும் இல்லை. இப்படி எல்லாக் கதவையும் திறந்துவைத்துவிட்டு, நுழைந்தவனைக் குற்றம் சொல்கிறார்கள்.

ஆஸ்திரேலியா அந்தச் சாக்கை ஏற்கவில்லை. அங்கே 2010 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட விபத்துகள் பதிவாகியிருந்தன. முதலில் இடைக்காலத் தடை வந்தது, பிறகு 2017 ஜூலை முதல் கட்டாயத் தரநிலை. தனியாக நிற்கும் எத்தனால் அடுப்பு எரிபொருள் இல்லாமலே குறைந்தது எட்டுக் கிலோ எடை இருக்க வேண்டும், அடித்தளம் 900 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, சாய்வுச் சோதனையில் கவிழக் கூடாது. கூடவே சுடர் தடுப்பு வலை பொருத்திய எரிபொருள் பாத்திரமோ தானியங்கி நிரப்பு அமைப்போ கொடுத்தாக வேண்டும். இதில் எந்த விதியும் வாங்குகிறவரைப் பார்த்து ஜாக்கிரதையாக இரு என்று சொல்லி நிற்பதில்லை. எச்சரிக்கை வாசகமும் உண்டு, ஆனால் அது கடைசி வரிசையில்தான். எட்டுக் கிலோ என்பதன் பொருள், பூச்சாடி போலக் கையில் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைக்கும் அடுப்பு சந்தையிலிருந்து விலக வேண்டும் என்பதே. அந்த ஒற்றை எண்ணில் எவ்வளவு சிந்தனை இருக்கிறது!

அமெரிக்காவின் அனுபவம் இன்னும் வேதனையானது. ஊற்றக்கூடிய ஜெல் எரிபொருள் எரியும் சாடியில் ஊற்றும்போது வெடித்துச் சிதறித் தோலில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. இரண்டு உயிர்கள் போன பிறகு 2011 செப்டம்பரில் ஒன்பது நிறுவனங்களின் ஜெல் திரும்பப் பெறப்பட்டது. பத்தாண்டு கழித்து அதே ஆபத்து திரவ வடிவில் திரும்பி வந்தது. மேசையில் வைக்கும் சிறு தீக்கிண்ணங்கள் இணையச் சந்தைகளில் குவிந்தன. 2024 டிசம்பரில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட எச்சரிக்கைப்படி, 2019 முதல் இவற்றால் இருவர் இறந்திருக்கிறார்கள், குறைந்தது 60 பேர் காயப்பட்டிருக்கிறார்கள். ஆணையம் சுட்டிய பிழை எது என்பது கவனிக்கத் தக்கது. திறந்த கலத்தில் ஆல்கஹாலை ஊற்றி, ஊற்றிய அதே இடத்தில் குளமாகத் தேங்கியதைப் பற்றவைக்கும் அமைப்பையே அது கண்டித்தது, அவற்றை உடனே தூக்கி எறியச் சொன்னது. கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று அது சொல்லவில்லை.

இந்த விபத்துக்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812-இல் வாயு வெடித்து 92 பேர் இறந்தார்கள். சுரங்க வெடிப்புகளைத் தடுக்க வழி தேடிய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1815-இல் விளக்கின் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை பொருத்தினார். வலை வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால் சுடர் அதைத் தாண்டி வெளி வாயுவைப் பற்றவைக்க முடிவதில்லை. புட்டியின் வாயில் பொருத்தும் சுடர் தடுப்பு வலையும் இதே தத்துவம்தான். எரிபொருள் பாத்திரங்களில் அப்படி ஒரு தடுப்பு வேண்டும் என்று அமெரிக்கா 2020-இல் தனிச் சட்டமே போட்டது. இருநூறு ஆண்டு பழைய அறிவை ஒரு பிளாஸ்டிக் புட்டியின் கழுத்தில் வைக்க எத்தனை பேர் வெந்தாக வேண்டியிருந்தது என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

தயாரிப்பாளர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லவும் முடியாது. இதே சந்தையின் மேல்தட்டைப் பார்த்தால் போதும். தானியங்கி பர்னர்களில் எரிபொருள் பூட்டிய தொட்டியில் இருக்கிறது. குழாய் வழியாகப் பம்பு உறிஞ்சி நிரப்புகிறது, மனிதர் திறந்த தாரையில் ஊற்றுவதே கிடையாது. சூடாக இருக்கும் வரை மறு நிரப்பலை அனுமதிக்காத உணரி இருக்கிறது. அடுப்பு அசைந்தாலோ சாய்ந்தாலோ அணைகிறது. சிலவற்றில் அறையின் கரியமில வாயுவை அளந்து, அளவு மீறினால் தானே நின்றுவிடும் அமைப்பும் உண்டு. சுடர் சுத்தமானது, வெறும் மூச்சுக்காற்றுதான் என்றால் கரியமில வாயு உணரி எதற்கு? விபத்து கவனக்குறைவால் மட்டுமே நடக்கிறது என்றால் வெப்பப் பூட்டு எதற்கு? இந்தக் கருவிகளைப் பொருத்திய பொறியாளர்கள், விற்பனைத் தாளில் எழுதியிருப்பதை நம்பவில்லை என்பது தெளிவு. அவர்கள் சரியாகவே செய்திருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு விலை கூடிய மாடல்களில் மட்டும் கிடைப்பதுதான் அநியாயம்.

ஐரோப்பிய ஆணையம் 2015 ஏப்ரலில், புகைபோக்கி இல்லாத ஆல்கஹால் கணப்படுப்புகளுக்கான தரநிலை எந்தெந்தப் பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டும் என்று தனியாக ஒரு முடிவு வெளியிட்டது. இஎன் 16647 என்ற தரநிலையும் அதே ஆண்டில் வந்தது. அமெரிக்காவில் யுஎல் 1370 இருக்கிறது. இவற்றை வகுத்தவர்கள் கசிவு, கவிழ்வு, நிரப்பும் முறை, எரிதலின் தரம் என்று அடுப்பையே சோதிக்கிறார்கள். பொதுப்பேச்சு மட்டும் இன்னும் எரிபொருளின் புனிதத்தைப் பற்றியே நடக்கிறது. தரநிலைகளை ஒரு வரிகூடப் படிக்காதவர் தயாரித்த தீக்கிண்ணமும் அதே இணையப் பக்கத்தில், அதே 'சுத்தமான சுடர்' என்ற வாசகத்தோடு பக்கத்திலேயே விற்பனைக்கு நிற்கிறது.

வாங்க நினைப்பவர் கடைக்காரரிடம் எரிபொருளைப் பற்றிக் கேட்க வேண்டியது மிகக் குறைவு. அடுப்பைப் பற்றித்தான் கேட்க வேண்டும். சூடேறிய பிறகு மணிக்கு எத்தனை லிட்டர் எரிக்கும்? அதற்குக் குறைந்தது எத்தனை கன மீட்டர் அறை வேண்டும், எவ்வளவு காற்றோட்டம் வேண்டும்? எந்தத் தரநிலையில், யார் சோதித்தது? ஆறிவிட்டது என்பது எப்படித் தெரியும்? எரிகிறபோது கவிழ்ந்தால் எவ்வளவு திரவம் வெளியே வரும்? சுடர் தடுப்பு வலையுள்ள புட்டி பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா, இல்லை தனியாக வாங்க வேண்டுமா? நல்ல தயாரிப்பாளர்கள் இந்த எண்களை ஏற்கெனவே அச்சிடுகிறார்கள். மற்றவர்களும் அச்சிட வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் சட்டமாக்கலாம். எட்டுக் கிலோவுக்குக் குறைந்த, திறந்த கிண்ணமுள்ள, தடுப்பு வலையில்லாத புட்டியோடு வரும் அடுப்பைச் சாப்பாட்டு மேசைக்கு விற்பதை அதே சட்டம் நிறுத்தவும் செய்யலாம்.